ஊழிநாளின் நண்பகல்: ஒரு வழக்கும் இரு தொலைக்காட்சி நாடகங்களும்

நிகழ்காலச் சம்பவமொன்றைக் கலையாக்குபவன் அதன் பெயர்களையும் இடத்தையும் மாற்றுதல் புதியதன்று. ஆயின் அம்மாற்றம் யாருடைய தேவைக்காக நிகழ்கிறது, மாற்றத்தின் பின்னரும் சம்பவத்தின் அடித்தளமான சமூக உறவு எஞ்சுகிறதா என்னும் வினாக்கள் விமர்சகனால் தவிர்க்கப்படலாகாதவை. அமெரிக்க நாடகாசிரியர் றொட் சேர்லிங் ஒரே கொலைவழக்கை அடியொற்றி எழுதிய இரு தொலைக்காட்சி நாடகங்கள் இவ்வகையில் நோக்கற்பாலன.

1955 ஆகஸ்டில், சிக்காகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்கு உறவினரிடம் வந்திருந்த எமெற் ரில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், கடையொன்றில் வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தானென்ற பழியின்பேரில் இரவிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையின ஆடவர் மாத்திரமே அடங்கிய 12 பேர் கொண்ட யூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. 1956 ஜனவரியில் சஞ்சிகையொன்றிற் கொலையைத் தாமே செய்ததாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடந்தரவில்லை. கொலையாளிகளை ஊரே காத்து நின்றமைதான் இவ்வழக்கின் சாரம்.

இச்சாரத்தையே சேர்லிங் ‘ஊழிநாளின் நண்பகல்’ என்னும் நாடகத்திற் கையாள முயன்றார். கொலையுண்டவனைத் தெற்கத்திய ஊரொன்றின் முதிய யூதனாக அவர் மாற்றியிருந்தார். இது ஆசிரியனின் மாற்றம். ஊருக்கும் கொலையாளிக்குமிடையிலான உறவு இதனாற் சிதையவில்லை. ஆனால் நாடகம் ரில் வழக்கைப் பற்றியதென்ற செய்தி பரவியதும், வெள்ளையர் மன்றங்கள் எதிர்ப்புக் கடிதங்களை அனுப்பின. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் ஓர் உருக்குக் கம்பனி. சவர்க்காரம் விற்பவரைப் போல் வீட்டு வாடிக்கையாளரை நம்பியிராத அந்நிறுவனமுங்கூட அஞ்சியது. கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் பெயர்க்கப்பட்டது. இறந்தவன் இன்ன இனத்தவனென்று கூறப்படாத அந்நியனானான். கும்பற்கொலையைக் குறிக்கும் ‘லிஞ்ச்’ என்ற சொல் நீக்கப்பட்டது. தெற்கை நினைவூட்டுமெனக் கொக்கா கோலாப் போத்தல்கள்கூட அரங்கிலிருந்து அகற்றப்பட்டன. 1956 ஏப்ரல் 25இல் ஒளிபரப்பானபோது காரணமற்ற பகைமையொன்றே எஞ்சியிருந்தது. எவ்வூரிலும் நிகழக்கூடியதாகக் காட்டப்பட்டமையால், எவ்வூரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாயிற்று. இதனைப் பொதுமை எனல் தவறு. இது பொறுப்பின்மையின் கலைவடிவமாகும்.

1958 ஜூன் 19இல் ஜோன் பிராங்கன்ஹைமரின் நெறியாள்கையில் ஒளிபரப்பான ‘ஊர் தூசியாயிற்று’ என்ற நாடகமும் நிர்ப்பந்தத்தின் குழந்தையே. கதை 1870களின் தென்மேற்குக்குத் தள்ளப்பட்டது. பலியானவன் மெக்சிக்க இளைஞன். ஆயினும் இங்கே கடைக்காரன் இருக்கிறான். அவன் திரட்டும் கும்பல் இருக்கிறது. தடுக்கவேண்டிய வேளையிற் தடுக்கத் தவறிய சட்ட அதிகாரியும் இருக்கிறான். காலம் மாறியபோதும் உறவுகள் மாறவில்லை. பழங்காலத்து ஆடையினூடாகத் தன் காலத்து முகத்தைப் பார்வையாளன் இனங்காணல் இயலும். முந்திய நாடகத்தின் தோல்வியையும் பிந்தியதன் ஓரளவு வெற்றியையும் பிரிக்கும் கோடு இதுவே. இடமும் காலமும் மாறலாம். யார் யாரை ஒடுக்கினர் என்பது மறையலாகாது.

1959இல் தொடங்கிய ‘அந்திமண்டலம்’ தொடரில் சேர்லிங் வேற்றுக்கிரகங்களையும் கற்பனை உலகங்களையும் நாடியமைக்கு இவ்வனுபவம் ஒரு காரணமெனலாம். அது அவரது வெற்றியாகவே போற்றப்படுகின்றது. நேரே சொல்ல முடியாத ஒருவன் கண்ட தந்திரம் என்ற வகையில் அப்போற்றுதல் தகும். எனினும் அத்தந்திரத்தின் விலையும் கணிக்கப்படல் வேண்டும். வேற்றுக்கிரகவாசியின் துன்பத்துக்கு இரங்கிய இல்லங்கள் பல, மிசிசிப்பியிற் கொல்லப்பட்ட சிறுவனின் பெயரை அந்நாடகங்கள் வாயிலாக ஒருபோதும் கேட்டதில்லை.

கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022இலேயே. அச்சட்டம் எமெற் ரில்லின் பெயரைத் தாங்கியுள்ளது. 1956இல் ஒரு நாடகப் பிரதியிலிருந்து நீக்கப்பட்ட சொல்லும், அங்கே உச்சரிக்கப்படாத பெயரும் சட்டநூலில் ஒன்றாக இடம்பெற 66 ஆண்டுகள் சென்றன. கலை அப்பெயரை உரிய வேளையிற் கூற அனுமதிக்கப்படாமையே சேர்லிங்கின் முதல் நாடகம் விட்டுச்சென்ற உண்மையான பாடமாகும்.