கிரவுன் நீரூற்று: முகங்களும் குழந்தைகளும்

கிரவுன் நீரூற்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் மில்லேனியம் பூங்காவில் உள்ள பொதுவெளிச் சிற்பம். பார்சிலோனாவில் 1955இல் பிறந்த சிற்பி ஜவுமே பிளென்சா இதை வடிவமைத்தார். 2004 ஜூலையில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 'பார்வைக்கு' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமைப்பு

கறுப்புக் கிரானைட் தளம் ஒன்றின் இரு முனைகளிலும் எதிரெதிராக இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 50 அடி உயரம். கண்ணாடிச் செங்கற்களால் கட்டப்பட்டவை. உள்ளிருக்கும் எல்.இ.டி. திரையில் ஒரு மனித முகம் கோபுரம் முழுவதையும் நிறைத்துத் தெரிகிறது. கண் சிமிட்டுகிறது, மெல்லப் புன்னகைக்கிறது. சில நிமிடங்களில் உதடுகள் குவிகின்றன. வாய் இருக்கும் இடத்திலிருந்து நீர் பீய்ச்சி அடிக்கிறது. அரை நிமிடம்தான். பிறகு முகம் மறைந்து வேறொரு முகம் வருகிறது. ஐரோப்பிய மாதாகோயில் கூரைகளில் மழைநீரை உமிழும் விலங்கு முகங்களின் மரபை பிளென்சா இப்படி மனித முகத்துக்கு மாற்றியிருக்கிறார். நமக்கு இது கோமுகியை நினைவூட்டும்.

தளத்தில் தேங்கும் நீர் பாதத்தை நனைக்கும் அளவே. சுற்றிலும் வேலி இல்லை, ஏறிச் செல்லப் படியும் இல்லை.

விளையாட்டு

மிச்சிகன் அவென்யூ வழியாக நடந்து வந்தபோது இச்சிற்பம் எனக்கு முதலில் ஒலியாகவே அறிமுகமானது. கோபுரம் கண்ணில் படுவதற்கு முன் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஏதோ நீச்சல் குளம் என்று நினைத்தேன்.

அங்கே நெடுநேரம் அமர்ந்து கவனித்தேன். புதிதாக வந்த குழந்தை முகத்தின் அடியில் சும்மா நிற்கிறது. நேற்றோ அதற்கு முன்போ வந்து பழகிய குழந்தைகள் உதடுகளையே உற்றுப் பார்க்கிறார்கள். உதடு அசைந்ததும் ஒருவன் கத்துகிறான். எல்லோரும் நீர் விழும் இடத்துக்கு ஓடுகிறார்கள். அடுத்த முகத்துக்குள் புதிய குழந்தையும் கற்றுக்கொண்டுவிடுகிறது. மொழி தெரியாத குழந்தையும் கற்றுக்கொள்ளும். அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை, ஆசிரியரும் தேவைப்படவில்லை. பள்ளிச் சுற்றுலாக்களில் சிலைகளின் முன்னால் "தொடாதே" என்று நான் சொன்னதற்குக் கணக்கே கிடையாது. அந்தக் குரல் இங்கே எங்கும் கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை 'ஊடாடும் சிற்பம்' என்று வகைப்படுத்துவது வழக்கம். ஆனால் கோபுரத்து முகம் கீழே இருப்பவரைப் பார்ப்பதில்லை. அது முன்பே படம் பிடிக்கப்பட்ட காட்சி. குழந்தை என்ன செய்தாலும் மாறாது. ஊடாட்டம் நடப்பது குழந்தைகளுக்கு இடையில்தான். நூறு அடிக்கும் மேல் நீளும் அந்தத் தளத்தை வெறுமையாக விட்டதுதான் பிளென்சாவின் சிறந்த முடிவு என்பேன். கோபுரங்கள் மட்டும் இருந்திருந்தால் அவை பெரிய தொலைக்காட்சிகளாகவே எஞ்சியிருக்கும். குளிர்காலத்தில் நீர் நிறுத்தப்படும்போது அவை ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிடுகின்றன.

யாருடைய முகம்?

திரையில் தோன்றுபவர்கள் தலைவர்கள் அல்லர். சிகாகோ நகரவாசிகள் ஏறத்தாழ 1,000 பேரின் முகங்கள் இதற்காகப் படமாக்கப்பட்டன. சிகாகோ கலைக் கழகப் பள்ளி மாணவர்கள் அதில் பங்கேற்றனர். திரையில் யாருக்கும் பெயர் போடப்படவில்லை. பல இனத்தவரும் வயதினரும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் தோன்றி, தம் முறை முடிந்ததும் விலகுகிறார்கள். சிலை என்றால் பீடமேறியவர் இறங்குவதில்லை. இங்கே எல்லோரும் இறங்குகிறார்கள். பூங்காவில் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் குழந்தைகளின் நியாயம் இது.

இதே பூங்காவில், சிறிது வடக்கே, மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' உள்ளது. 168 துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளை இணைத்து, இணைப்புத் தெரியாமல் மெருகேற்றிய வளைவு. மக்கள் அதை 'அவரைவிதை' என்று அழைக்கிறார்கள். புகழ் அதற்கே அதிகம். அழகிலும் தொழில்திறனிலும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தம் பிம்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, படமெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கிரவுன் நீரூற்றில் பார்க்கக் கிடைப்பது முன்பின் அறியாத இன்னொருவரின் முகம். அதனாலேயே நான் இதை மேலாகக் கருதுகிறேன்.

கேமரா சர்ச்சை

2006 நவம்பரில் நகர நிர்வாகம் இரு கோபுரங்களின் உச்சியிலும் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. சிற்பியிடம் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. பாதுகாப்பே காரணம் என்றும், தற்காலிக ஏற்பாடு என்றும் விளக்கம் தரப்பட்டது. நகரின் பல தெருக்களில் ஏற்கெனவே இருந்த வகைக் கேமராக்கள்தாம் அவை. ஆயினும் எதிர்ப்பு வலுத்தது; அடுத்த மாதமே அவை அகற்றப்பட்டன. பக்கத்து வீட்டுக்காரர் போன்ற ஒருவரின் முகம் சிரித்துக்கொண்டிருக்க, அதன் தலைமேல் உட்கார்ந்து ஓர் இயந்திரம் உண்மையிலேயே கீழே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் பொறுத்துக்கொண்டதை இந்த இடத்தில் மக்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.