மாதிரிக் கப்பலும் மெய்ம்மையும்

பாய்மரப் போர்க்கப்பலின் சிறிய மாதிரி ஒன்றைக் காண்போர் முதலில் கேட்கும் வினா, இதைச் செய்து முடிக்க எத்தனை மாதம் ஆயிற்று என்பதே. விடை கேட்டு, செய்தவரின் பொறுமையை வியந்து, அப்பால் சென்றுவிடுகின்றனர். பொறுமை போற்றத்தக்கதுதான். ஆயினும் ஒரு காப்பியத்தை அதன் பாட்டுகளை எண்ணிப் பார்த்து மதிப்பிடுவார் உண்டோ? மாதிரிக் கப்பலையும் உழைத்த நாள்களை எண்ணி மதிப்பிடலாகாது. அது நமக்குச் சொல்வது மெய்யா, அன்றா என்று ஆராய்வதே முறையாகும்.

இந்த ஆராய்ச்சி வீண் வேலையன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடலை ஆண்ட மரக்கப்பல்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. பல போரில் அழிந்தன. பல புயலில் உடைந்தன. மற்றவை முதுமையுற்றபின் பிரித்தெடுக்கப்பட்டன. அவை எப்படி இருந்தன என்பதற்கு ஓவியமும் வரைபடமும் மாதிரியுமே சான்றுகள். சான்று பிழைபட்டால் வரலாறும் பிழைபடும்.

அளவு என்பது இக்கலையின் இலக்கணம். 48இல் ஒரு பங்கு என்பது பெரிதும் வழங்கும் அளவு. கப்பலில் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலமாகும். இவ்வளவை நீளத்துக்கும் அகலத்துக்கும் காத்துவிட்டு, நுணுக்கங்களில் கைவிடுவோர் பலர். போர்ட்ஸ்மத் நகரில் இன்றும் காணக்கிடைக்கும் 'விக்டரி' கப்பலின் மாதிரிகளையே எடுத்துக்கொள்வோம். 1765இல் நீரில் இறக்கப்பெற்ற இக்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1780இல் செப்புத் தகடு போர்த்தினர். அக்காலத் தகடு ஏறத்தாழ 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் உடையது. மாதிரியில் அது ஓர் அங்குல நீளமே இருத்தல் வேண்டும். இதைச் சரியாகச் செய்வோரும், தகட்டின்மேல் ஆணித்தலைகளை வரிசை வரிசையாகப் புடைக்கச் செய்துவிடுகின்றனர். உண்மைக் கப்பலிலோ ஆணித்தலைகள் தகட்டோடு தகடாய்ப் படிந்திருந்தன. 48இல் ஒரு பங்காகக் குறுகும்போது அவை கண்ணுக்கே தெரியா. அம்மை வடுப் பட்டாற்போன்ற அந்த அடிப்பாகம் கைத்திறனைக் காட்டுகிறதேயன்றிக் கப்பலைக் காட்டவில்லை.

அப்படியாயின், எதையும் விடாமல், எதையும் கூட்டாமல் செய்வதுதான் உண்மையான மாதிரியோ? அதுவும் அன்று. இதற்குச் சான்று, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தில் செய்யப்பெற்ற 'நேவி போர்டு' மாதிரிகள். கிரீனிச் நகரின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகத்திலும் இவற்றுள் சிறந்தவை உள்ளன. இவற்றின் தனித்தன்மை யாது? கப்பலின் கீழ்ப்பகுதிக்குப் பலகை போர்த்தாமல் விட்டிருத்தலே. அடியில் ஓடும் ஏராவும், அதிலிருந்து விலா எலும்புகள்போல் எழும் வங்குகளும் வெளிப்படத் தெரிகின்றன. பெரும்பாலானவற்றில் பாய்மரமும் இல்லை. பார்ப்பவர் கண் கொடியிலும் பாயிலும் அலையாமல் உடலின் வடிவத்திலேயே நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த வங்குகள் அமைந்துள்ள முறை, கப்பல் துறையில் உண்மையாகக் கையாண்ட முறை அன்று. கப்பலில் ஒவ்வொரு வங்கும் பல துண்டுகளால் இணைக்கப்பெற்று, அடுத்ததோடு நெருங்கி நிற்கும். மாதிரியிலோ கட்டையும் இடைவெளியும் மாறிமாறி வரக் கோலமிட்டதுபோல் ஒழுங்குபடுத்தியுள்ளனர். ஒரு செய்தியில் வழுவி, மற்றொரு பெருஞ்செய்தியை, அஃதாவது உடலின் வளைவை, தெளிவுற உணர்த்தினர். இலக்கியத்தில் உயர்வு நவிற்சி பொய்யாகாததுபோல, இதுவும் பொய்யாகாது. ஆனால் இவ்வழக்கை அறியாதவர், அக்கால வங்கு இப்படித்தான் இருந்தது என்று இதைப் பார்த்து எழுதினால், அது பெரும்பிழையாய் முடியும்.

இதற்கு நேர்மாறானவை கைதிகள் செய்த எலும்புக் கப்பல்கள். 1793 முதல் 1815 வரை நடந்த போர்களில் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரரும் பிறரும் இங்கிலாந்தில் அடைக்கப்பட்டிருந்தனர். பீட்டர்பரோ அருகே 1797இல் திறக்கப்பெற்ற நார்மன் கிராஸ் சிறை அவற்றுள் ஒன்று. உணவுக்கு வந்த இறைச்சியின் எலும்பைத் துப்புரவாக்கி, மெல்லிய பலகைகளாக இழைத்து, மரத்தாலான உட்கட்டையின்மேல் சிற்றாணியால் பொருத்தினர். குதிரை மயிரும் தலைமயிரும் கயிறாயின. நூலை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே சென்று மீளும் பொறி அமைந்தவையும் உண்டு. செய்தவற்றைச் சிறைவாயிற் சந்தையில் விற்றனர்.

இவற்றில் அளவு தவறுகிறது. பாய்மரங்கள் வேண்டுமளவுக்கு மேல் ஓங்கி நிற்கும். கைதியிடம் வரைபடம் இல்லை, நினைவே துணை. வாங்குவோர் ஆங்கிலேயர் ஆதலால், பிரெஞ்சுக் கப்பலின் சாயல் கொண்ட உடலில் ஆங்கிலக் கொடி பறப்பதும் உண்டு. கப்பற்கலைக்கு இவை நல்ல சான்றல்ல என்று தள்ளுவோர் சொல்வது சரியே. ஆனால் சிறைவாழ்க்கைக்கு இவற்றினும் நேர்மையான சான்று வேறெது? கிடைத்த உணவு, கிடைத்த கருவி, வாங்கியவர் விருப்பம் ஆகிய மூன்றும் அவ்வெலும்பிலேயே எழுதப்பட்டுள்ளன. ஒரே பொருள் ஒரு வினாவுக்குப் பொய்ச்சான்றும் மற்றொன்றுக்கு மெய்ச்சான்றும் ஆகலாம் என்பதை இவை கற்பிக்கின்றன.

இனி, நம் காலத்து மாதிரி ஒன்றை நோக்குவோம். சுவீடன் நாட்டின் 'வாசா' என்னும் போர்க்கப்பல் 64 பீரங்கிகளுடன் 1628 ஆகஸ்ட் 10இல் தன் முதற்பயணம் தொடங்கி, ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்ற அளவில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கியது. 1961 ஏப்ரல் 24இல் அதை மேலே கொணர்ந்தனர். இப்போது அதற்கென அமைந்த அருங்காட்சியகத்தில், உண்மைக் கப்பலுக்கு அருகே, பத்தில் ஒரு பங்கு அளவான மாதிரி நிற்கிறது. கப்பலின் சிற்பங்கள் நீலப் பின்னணியில் பொன்னிறமாய் இருந்தன என்றே முன்னர்க் கருதினர். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்தபின், பின்னணி சிவப்பு என்றும் சிற்பங்கள் பல வண்ணம் பூண்டவை என்றும் தெளிந்தனர். மாதிரியும் அவ்வண்ணங்களையே தாங்கி நிற்கிறது. புதிய சான்றுக்குத் தலைவணங்குதல் மாதிரிக்கு இழுக்கன்று, அதுவே பெருமை.

எனினும் அம்மாதிரியின் முன் நின்று, இக்கப்பல் ஏன் மூழ்கியது என்று கேட்டால் விடை கிடைக்காது. மேல்பாரம் மிகுந்து அடிப்பாரம் போதாமையே காரணம். புறப்படுமுன் 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தபோதே கப்பல் தள்ளாடியது. அஞ்சிச் சோதனையை நிறுத்திவிட்டனர். வெளித்தோற்றம் மட்டும் காட்டும் மாதிரி, பாரத்தைக் காட்டுவதில்லை. நீளம் பத்தில் ஒன்றாகும்போது கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்; பீடத்தின்மேல் அது அசையாமல் நிற்கும். அழகு முழுமை பெற்ற இடத்திலேயே குற்றம் மறைந்துவிடுகிறது. பலகை போர்த்தாத பழைய ஆங்கில மாதிரிகளின் அருமை இப்போதுதான் விளங்கும்.

ஆகவே, மாதிரிக் கப்பலை மதிப்பிட விரும்புவோர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இதை எவர், எதன்பொருட்டுச் செய்தார்? எதை வேண்டுமென்றே விட்டார், எதை மாற்றினார்? எந்தச் சான்றைப் பின்பற்றினார்? ஆசிரியர்களுக்கு இவ்வினாக்கள் புதியவை அல்ல. பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்கும்போதும், உரையாசிரியர் ஒருவரைக் கற்கும்போதும் நாம் கேட்பவையே இவை. ஏரா, வங்கு, பருமல் என்னும் சொற்களை மாணவர்க்கு விளக்க முற்படும் ஆசிரியர், அகராதியோடு ஒரு நல்ல மாதிரியையும் காட்டுவாராயின் பாடம் தெளிவுறும். அம்மாதிரி எதைக் காட்டவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட்டால், அதுவே நிறைவான பாடமாகும்.