குவாட் ஜம்ப்: தப்பித்ததும் பிடித்ததும்

நான்கு சக்கரக் குவாட் பைக்கில் ஜம்ப் அடிக்கச் சொல்லித்தருபவர்களிடம் பெரும்பாலும் ஒரே பாடம்தான் இருக்கிறது: பயம் போனால் பாதி வேலை முடிந்தது, மீதி ஓட்ட ஓட்ட வந்துவிடும். இந்த வாதத்தை உரசிப் பார்க்க தர்மபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி வட்டாரம் பொருத்தமான இடம். வண்டி மோகம் இங்கே புதிதல்ல. ஆனால் தாவிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர் கண்ணில் படுவதெல்லாம் வரப்பும் ஓடைக்கரையும் கொட்டிவைத்த மண்மேடும்தான்.

முதலில் வாதத்தின் பலத்தைப் பார்ப்போம். தாவுவது வெறும் சாகசம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேடு பள்ளமான மண்பாதையில் கொஞ்சம் வேகம் கூடினாலே, கேட்காமலே சக்கரம் தரையை விடும். அப்போது இறங்கத் தெரிந்தவர் தெரியாதவரைவிடப் பத்திரமானவர். இது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை என்பதற்கும் சான்று உண்டு. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982 முதல் பந்தய அணி நடத்துகிறது. 2015-இல் ஷெர்கோ பைக் நிறுவனத்துடன் சேர்ந்து டக்கார் பாலைவன ராலியில் இறங்கியது. 2024 டக்காரில் அந்த அணியின் ஹரித் நோவா ராலி 2 பிரிவை வென்றார். மோட்டோகிராஸில் பழகிய கைகள் பாலைவனம் வரை போக முடிகிறது.

ஆனால் இவை எல்லாம் இரண்டு சக்கரத்தின் வெற்றிகள். பைக்கில் கற்றதை அப்படியே குவாடுக்கு எடுத்துப் போக முடியாது என்பதை அந்த வாதம் பார்க்கத் தவறுகிறது. பைக் ஒற்றைக் கோட்டில் மேட்டை விடுகிறது. குவாட் ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக, இரண்டு தடங்களில் ஏறுகிறது. இடது தடம் நான்கு விரற்கடை உயர்ந்திருந்தால், வண்டி வலப்பக்கம் சாய்ந்தபடியே கிளம்பும். காற்றில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். முன்பின் சாய்வுக்கு மட்டுமே இந்த மருந்து. பக்கச் சாய்வுக்கு உடலை நகர்த்துவது தவிர வழியில்லை, அதன் பலனும் சொற்பம். விளையாட்டு வகைக் குவாடின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று முந்தித் தரை தொட்டால், அதுவே வண்டியைக் குறுக்கே திருப்பும். குவாடில் ஆக்சிலேட்டரைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். இறங்கும் அதிர்ச்சியில் அந்த விரல் தன்னையறியாமல் அழுத்திவிடுவதும் உண்டு.

அடுத்தது கணக்கு. 20 டிகிரி மேட்டிலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் வண்டி, அதே மட்டத்தில் இறங்குவதாக வைத்தால், சுமார் நாலரை மீட்டர் தாண்டும். வேகம் 40 ஆனால் எட்டு மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தூரம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. காற்றில் இருப்பதோ அரை நொடியிலிருந்து முக்கால் நொடி. அதற்குள் யோசித்துத் திருத்த நேரமில்லை. ஆகவே ஜம்ப்பின் முடிவு காற்றில் எடுக்கப்படுவதல்ல. மேட்டின் அடியில், வேகத்திலும் நேர்க்கோட்டிலும் அது எடுக்கப்பட்டுவிடுகிறது. துணிச்சல் சேர்க்கக்கூடியது வேகம் ஒன்றைத்தான். அளவு தப்பினால் முதலில் கெடுப்பதும் அந்த வேகமே.

வண்டியின் தரமும் தீர்ப்பை மாற்றும். யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் போன்ற பந்தயக் குவாடின் சஸ்பென்ஷன் முன்னால் 25, பின்னால் 28 சென்டிமீட்டர் வரை அமுங்கித் தாங்கும். தோட்டத்துக்கும் பாரத்துக்குமான குவாட் வேறு சாதி. பொலாரிஸ் 2020-இல் டிராக்டர் என்று பதிவு செய்யத்தக்க ஒரு குவாடை இந்தியாவில் கொண்டுவந்தது. அது உழைப்பதற்கு, பறப்பதற்கல்ல. சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டியும் தாவுவதற்குச் செய்ததல்ல. ஜம்ப்போ வீலியோ செய்யாதீர்கள் என்று குவாட் தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். குவாட் கவிழ்ந்தால் அதன் எடை ஓட்டியவர் மேலேயே விழக்கூடும். ஆஸ்திரேலியா 2021 அக்டோபர் முதல் புதிய பொதுப் பயன்பாட்டுக் குவாடுகளுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இந்த ஆபத்துதான்.

இனி தரை. மோட்டோகிராஸ் தளத்தில் ஏற்றம் அகலமாக, இறுக்கமாக, குறுக்கே சமமாக இருக்கும். இறங்குமிடமும் சரிவாக இருக்கும். அந்தச் சரிவுதான் அடியைக் குறைக்கிறது. வரப்பில் ஏற்றம் உண்டு, இறக்கம் இல்லை. தாண்டினால் சமதரையில் மொத்தென்று விழ வேண்டியதுதான். ஐப்பசி மழை அறுத்த ஓடைக்கரையில் இரண்டு தடமும் ஒரே உயரத்தில் இருக்காது. கொட்டிய மண்மேடோ சக்கரத்துக்குக் கீழே சரியும். நல்லம்பள்ளியில் சுலபமாகக் கிடைக்கும் மேடுகள் அத்தனையும் குவாடுக்கு ஆகாதவை.

அனுபவம் இதையெல்லாம் சரிக்கட்டாதா என்று கேட்கலாம். பதில் இதே தாலுக்காவின் தொப்பூர் கணவாயில் இருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள் என்று லாரி ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை ஓய்ந்தபாடில்லை. அப்படி விடுபவர்கள் புதியவர்கள் அல்லர். பல தடவை ஒன்றும் ஆகாமல் இறங்கியதால் வந்த தைரியம் அது. பிரேக் சூடேறிக் கைவிடும் நாளில்தான், இத்தனை நாளும் வண்டி தங்கள் பிடியில் இல்லை என்பது தெரியவரும். தப்பித்ததை எண்ணிச் சேர்த்த தைரியம் திறமைக்குச் சான்றாகாது. குவாட் ஜம்ப்பிலும் விழாமல் இறங்கிய தடவைகளை எண்ணுவது இதே பிழைதான்.

அப்படியானால் எதை எண்ணுவது? இறங்கிய இடத்தை. டேபிள் டாப் எனப்படும், நடுவில் பள்ளமில்லாத தட்டை மேட்டில், கியர் மாற்றாமல் ஒரே வேகத்தில் ஏறி, நான்கு சக்கரமும் ஒரே அடையாளத்துக்குள் மறுபடி மறுபடி இறங்கினால் அது பிடி. சுண்ணாம்புக் கோடு ஒன்று போதும், யாரும் ஏமாற்ற முடியாது. அடுத்த சோதனை இதைவிட முக்கியம்: மேட்டை நெருங்கும்போது கோடு பிசகினால், தாவாமல் நிறுத்தத் தெரிகிறதா? நிறுத்தத் தெரியாதவரின் துணிச்சலை வெறும் பழக்கவேகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு இது. குவாட் ஜம்ப் கற்கத்தக்க வித்தைதான். ஆனால் பயம் போனால் பாதி வேலை முடிந்தது என்ற பாடம் தலைகீழானது. பிடி வந்த அளவுக்கே துணிச்சலை அனுமதிக்க வேண்டும். பந்தய வகை வண்டி, அமைத்த மேடு, இறங்கச் சரிவு, ஹெல்மெட்டும் மார்புக் கவசமும், பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் தாவ வேண்டாம். நல்லம்பள்ளி இளைஞருக்கு இன்றைக்கு உள்ளூர் வரப்பு ஆகாது. ஆசை உண்மையானால், நண்பர்கள் சேர்ந்து வண்டி வாங்கும் முன்பே ஒரு பொக்லைனை வாடகைக்கு எடுத்து, சொந்த நிலத்தில் தாழ்வான டேபிள் டாப் ஒன்றை அமைக்கட்டும். செலவில் முதல் ரூபாய் மண்ணுக்குப் போக வேண்டும்.