கஞ்சி காய்ச்சும் விதி

என் அண்ணன் மகனுக்கு விளையாட்டு ஒன்றை உருவாக்கும் ஆசை வந்திருக்கிறது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று வேஷம் ஏற்று, பகடை உருட்டிக் காட்டையும் குகையையும் கடக்க வேண்டும். விதிகளை நோட்டில் எழுதிக் கொண்டுவந்து, "நாவல் எழுதுகிறவராயிற்றே சித்தப்பா, அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்றான்.

அரக்கனைக் கொன்றவனுக்குப் பொன், பொன்னுக்கு வாள், வாள் வந்தால் இன்னும் பெரிய அரக்கன். அவ்வளவுதான் விதி. அவனுடைய தங்கை குகையில் விளக்கேந்தி வருபவள். இரண்டே நாளில் அவள் விளையாட வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் அவனுக்குப் புரியவில்லை.

இந்த வகைக்கு மூலம், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் கொலைக்கும் புள்ளி உண்டு. ஆனால் மீட்டு வந்த புதையலுக்குத்தான் அதிகம். ஆகவே கெட்டிக்காரர்கள் அரக்கனை எழுப்பாமலே பெட்டியைத் தூக்கி வந்தார்கள். சுமப்பதற்கும் கணக்கு உண்டு. பொன்னை அள்ளினால் நடை தளரும். எதற்குப் பரிசு தருகிறோமோ அதுவே விளையாட்டாகிவிடுகிறது. பையன் கொலைக்கு மட்டும் பரிசு வைத்தான், விளக்குக்கு வைக்கவில்லை.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று, செவிலிமேட்டில் உறவினர் வீட்டுக்குப் போனபோது அவனையும் அழைத்துப் போனேன். உள்ளே குழித்தறியில் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பாட்டி பேத்தியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. அள்ளி வரிசையாய் இட்டுப் போகும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆட்டத்தில் அவரவர் சம்பாதித்ததைக் கொண்டே தம் குழிகளை நிரப்ப வேண்டும். இருபது கொட்டைதான் மிச்சமென்றால் நாலு குழி நிரம்பும், மூன்று அடைபடும். பணம் பணத்தோடு சேரும் என்பதை இதைவிடக் கச்சிதமாக யாரும் விதியாக்கியதில்லை. விமர்சகன் என்ற முறையில் இதை நான் குறையென்றே சொல்வேன். முன்னால் ஓடுகிறவனுக்கே காலையும் கொடுக்கிறது.

பேத்தியிடம் கடைசியில் நாலு கொட்டைதான் இருந்தது. எழுந்திருக்கப் போனாள். "உட்காருடி, கஞ்சி காய்ச்சலாம்" என்றார் பாட்டி. ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவள் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடலாம். ஜெயித்தவரும் தம் பக்கத்தில் குழிக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது.

பேத்தி அந்த ஆட்டத்திலும் தோற்றாள். ஆனால் தோற்கும் வரையில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி விருந்து அல்ல. பந்தியில் ஓர் இடம், அவ்வளவே. நாவலிலும் தோற்கிறவனை மூன்றாம் அத்தியாயத்தில் வெளியே அனுப்பிவிட்டால், மிஞ்சுவது வெறும் வெற்றிப் பட்டியல்தான்.

திரும்பி வரும்போது பையன் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. மறுநாள் நோட்டில் இரண்டு வரி சேர்த்திருந்தான்: குகையில் விளக்கு அணைந்தால் யாருக்கும் பொன் இல்லை, வெளியே வந்தபின் விளக்கேந்தியவளுக்குச் சமபங்கு.

தங்கை இப்போது வருகிறாள். எண்ணெய் எவ்வளவு வாங்குவது என்பதில்தான் இருவருக்கும் தினமும் சண்டை.