காலும் கல்பும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் அண்மையில் ஒரு திருமண வீட்டில் 'ஜெருசலேமா' என்னும் தென்னாப்பிரிக்கப் பாடல் ஒலித்தது. இளைஞர்கள் வரிசையாய் நின்று ஆடினர். பாடலின் பொருளை அறிந்தவர் அவர்களுள் ஒருவருமில்லை. அருகிலிருந்த பெரியவர், பொருளற்ற கூத்து என முகம் சுளித்தார். இரு சாராரும் தவறவிட்டது ஒன்றையே.

மாஸ்டர் கே.ஜி. இசையமைக்க, நொம்செபோ சிகோடே சூலு மொழியில் பாடிய இப்பாடல் 2019 இறுதியில் வெளிவந்தது. அங்கோலா நாட்டு நடனக் குழுவொன்று உணவுத் தட்டைக் கையிலேந்தி அதற்கு ஆடிய காட்சி 2020இல் பரவவே, கொரோனாத் தொற்றால் முடங்கியிருந்த உலகம் அதனைப் பின்பற்றி ஆடியது. ஆயின் பாடலோ ஒரு மன்றாட்டு. தன் உறைவிடம் இவ்வுலகமன்று என உணர்ந்த உயிர், தன்னைக் காத்து உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறது. கிறித்தவ மரபில் ஜெருசலேம் விண்ணக வீட்டின் குறியீடு. நமக்கோ அது முதல் கிப்லா, மிஃராஜின் வாயில். உலகில் வழிப்போக்கரைப் போல் வாழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை அறிந்த செவிக்கு இவ்வேக்கம் அயலானதன்று.

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்கும் முறையே இங்குப் பேசுபொருள். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) இஹ்யாவில் அதற்கொரு படிவரிசை வகுக்கிறார்: முதலில் பொருளுணர்தல், அதன் கனி வஜ்து எனும் உள்ளப் பரவசம், அதன் விளைவே உறுப்புகளின் அசைவு. திருமண வீட்டில் இவ்வரிசை தலைகீழாயிற்று. எனினும் அவரே, பாட்டோசையில் பாரம் மறந்து விரையும் பாலைவன ஒட்டகத்தைச் சுட்டி, பொருளறியா உயிரையும் ஓசை ஆட்கொள்ளும் என ஒப்புகிறார். ஆகவே அவ்விளைஞர்களின் மகிழ்ச்சி பொய்யன்று. அது முதற்படியையும் எட்டாதது, அவ்வளவே.

நாகூர் இ.எம். ஹனிபாவின் (1925–2015) 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை இங்கு ஒப்பிடலாம். அதுவும் வேண்டுதலைப் பற்றியதே. அங்கே சொல் முன்னிற்கிறது. தாளம் அதற்குப் பணிகிறது. பிற சமயத்தாரும் அதனைப் பொருளறிந்தே தமதாக்கிக் கொண்டனர். 'ஜெருசலேமா'விலோ கனத்த அடித்தாளம் முன்னிற்க, குரல் அதன்மேல் மிதந்து ஒரே வேண்டுதலை மீள மீளக் கூறுகிறது. இம்மீளல் திக்ரு மஜ்லிஸை நினைவூட்டும். ஆனால் திக்ரில் அது நாவிலிருந்து கல்புக்கு இறங்கும் பயிற்சி. ஆடலிசையில் காலோடு நின்றுவிடவும் கூடும்.

அக்குறை பாடலுடையதன்று. இசை உள்ளத்தில் இல்லாததைப் புகுத்துவதில்லை, இருப்பதையே கிளறுகிறது என்பது கஸ்ஸாலி எடுத்தாளும் கருத்து. அவ்வாறாயின், முகம் சுளிப்பதால் பெரியவர் எதையும் காப்பாற்றவில்லை. பாடலின் பொருளை அவர் இளைஞருக்கு எடுத்துரைத்திருந்தால், அவர்கள் உள்ளத்தில் முன்னமே இருக்கும் வழிப்போக்கரின் ஏக்கத்தை அது தொட்டிருக்கலாம். கண்டிப்பதற்கு முன் கேட்பது மூத்தோர் கடன். ஆடுவதற்கு முன் கேட்பது இளையோர் கடன்.