இரைச்சலின் சுருதி

ஒலிபெருக்கியில் ஹம் எழுந்ததும் கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் தேர்ந்த ஒலிப் பொறியாளர் எதையும் தொடுவதற்கு முன் காது கொடுக்கிறார். அந்த இரைச்சலுக்கு ஒரு சுருதி உண்டு. காரணத்தைத் தேடும் வழியும் அதிலேயே தொடங்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை ஷட்ஜத்தை மந்திர ஸ்தாயிக்கும் கீழே இறக்கினால் 49 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும்; ஹம் அதைவிடத் துளி கூடுதல். ஆழமான அந்த முனகல் கேட்டால் எர்த் லூப்பைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கேட்டால், கருவிக்குள் மின்சாரத்தைச் சமன்படுத்தும் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். கூர்மையான கரகரப்பென்றால் மேடை விளக்கின் டிம்மர். கிட்டாரைத் திருப்பத் திருப்ப ஹம் ஏறி இறங்கினால், எங்கோ பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அதன் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) வாங்கிக்கொண்டிருக்கிறது. இவை தீர்ப்புகள் அல்ல, தடயங்கள். எல்லா கேபிள்களையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

எர்த் லூப்பில் எந்தப் பொருளும் பழுதாகியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் வியப்பு. மிக்ஸர் ஒரு பிளக் பாயின்ட்டிலும் ஆம்ப் வேறொன்றிலும் எர்த் ஆகியிருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கேபிளின் ஷீல்டு, அதாவது அதன் உலோக உறை, எர்த் வளையத்தை மூடிவிடுகிறது. இரு எர்த்துகளுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே ஷீல்டில் மின்சாரம் ஓடி இசையோடு கலக்கும். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நிற்பது உண்மைதான். ஆனால் அந்த பின் இருப்பது உயிரைக் காக்க. 1972இல் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். துண்டிக்க வேண்டியது இசை செல்லும் பாதையிலுள்ள எர்த் இணைப்பை மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் அதைச் செய்கிறது: இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமல், காந்தப்புலத்தின் வழியே இசை மட்டும் கடக்கிறது.

ஹம்மை ஒழிக்கும் இந்தக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது, கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப். அது இரைச்சலைத் தடுப்பதே இல்லை. இரண்டு சுருள்கள், எதிரெதிர்க் காந்த முனைகள், எதிரெதிர் இணைப்பு. வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிர்மாறாக விழுந்து அழிகிறது. தந்தியின் அதிர்வு இரண்டிலும் ஒருதிசையாகச் சேர்ந்து வலுக்கிறது. எதிரியை இருமுறை உள்ளே விட்டு, அதனாலேயே அதை வீழ்த்தும் இந்த யோசனை எத்தனை அழகு! இரு கம்பிகளில் ஒரேபோல் விழும் இரைச்சலை ஒன்றையொன்று அழிக்கவிடும் பேலன்ஸ்டு கேபிளும் இதன் உறவுதான்.

இன்று மென்பொருளே இரைச்சலை நீக்கிவிடும்போது இந்த நுட்பமெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதிவாகிவிட்ட பழைய ஒலியை மீட்க மென்பொருள் தேவைதான். ஆனால் இரைச்சலை நீக்கும் வழிகளில் ஒன்றான நாய்ஸ் கேட், ஸ்வரங்களுக்கு இடையில்தான் கதவை மூடுகிறது. ஸ்வரம் ஒலிக்கும்போது ஹம் அடியில் இருந்துகொண்டே இருக்கும். வீணையின் மீட்டு தேய்ந்து மறையும் கடைசி இழையையும் அந்த கேட் வெட்டிவிடும். 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வடிகட்டினால் அங்கே இருந்த இசையும் சேர்ந்தே போகிறது.

பழியெல்லாம் கேபிள் பூட்டியவர் தலையில் விழுவதும் சரியல்ல. ஷீல்டை உலோகப் பெட்டியில் இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் இணைத்துவிடும் வடிவமைப்புப் பிழையை ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995இல் விரிவாக எழுதினார். அத்தகைய கருவி, எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் முனகும். அதைத் திறந்து அந்த ஒரு கம்பியை இடம் மாற்றத்தான் வேண்டும்.