கொள்ளுப் பருப்புக்கு ஈடு உண்டா!

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் மட்டும் வளராமல் போயிருந்தால், நான் அடுப்படியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இன்று சென்னையில், மாடி வீட்டில், மூன்று வேளையும் ஆசை ஆசையாய்ச் சமைக்கிறேன். காட்டிலும் களத்திலும் ஓடித் திரிந்த அந்த வருஷங்கள் கொடுத்த வரம் இது. அங்கே பண்டத்தோடு பழகினேன். பக்குவம் பின்னாலேயே வந்துவிட்டது.

தை பிறந்தால் எங்கள் பக்கம் மஞ்சள் வெட்டு. வெட்டிய கிழங்கைக் கொப்பரையில் வேக வைப்பார்கள். ஈர மண்ணும் காரமும் கலந்த அந்த ஆவி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் மூக்கில் ஏறும். அடடா, அந்த வாசம்! பிறகு பத்து, பதினைந்து நாள் வெயிலில் காயும். காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். இப்போதும் கடையில் மஞ்சளை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் வீட்டுப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கியது மாதிரி பூரித்துப் போனேன்.

ஆனால் என்னைச் சமையலுக்கே எழுதிக் கொடுத்தது கொள்ளுதான். மழையை நம்பி மேட்டுக்காட்டில் விளைகிற பயிர். என்ன ஒரு ருசியை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது! அமுச்சி அதைக் கல் பொறுக்கி, வாசம் வர வறுத்து, மண்சட்டியில் குழைய வேக வைப்பார். கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாய், பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம் எல்லாம் வதங்கிச் சேரும். அப்புறம் சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மத்தால் கடைவது என் வேலை.

"தண்ணிய இறுத்து வெச்சுக்க சாமி. மொதல்லயே ஊத்துனா கொள்ளு மத்துக்குச் சிக்காது."

எவ்வளவு சத்தியமான பேச்சு! நீர் நின்றால் கொள்ளு வழுக்கி ஓடும். இறுத்துவிட்டால் மத்துக்கடியில் மாட்டி மசியும். மிக்ஸியில் அடித்தால் வெறும் விழுது. மத்தில் கடைந்தால் பாதி மசிந்து, பாதி நின்று, தோல் நாக்கில் தட்டுப்படும். அந்தத் தட்டுப்படலுக்காகவே மிக்ஸியை நான் ஒதுக்கி வைப்பேன். இறுத்த நீரோ ரசமாகிவிடும். ஒரே சட்டியில் இரண்டு விருந்து!

சந்தகை பிழியும் நாளைச் சொல்லாமல் விடமுடியாது. அரிசி மாவை அவித்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும் என்பதால் மாமன், சித்தி, பிள்ளைகள் என்று வீடே கூடி நிற்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தின்ற ருசிக்கு எந்த ஓட்டலும் கிட்டே வராது. இன்றும் என் வீட்டில் சந்தகை என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆஜர்.

நீங்களும் நாளைக்கே கால் கிலோ கொள்ளு வாங்கிக் கடைந்து பாருங்கள். சுடுசோற்றில் போட்டு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசையுங்கள். அன்றைக்கு அரிசி மட்டும் ஒரு கை கூடுதலாகப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் நிச்சயம் பத்தாது.